எத்தியோப்பியாவின் 19-ஆம் நூற்றாண்டு வெள்ளிக் காசுகள்: தராசும் தண்ணீரும் நூலும் வைத்து இனம் கண்ட பதிவு

என் பதிவேட்டில் 'ஆண்டு படிக்க முடியவில்லை' என்று பென்சிலில் எழுதி வைத்திருந்த ஒரே வரியை அழித்துவிட்டு, பேனாவால் 1889 என்று எழுதிவிட்டேன். இனி இதைப் பகிரலாம். ஆப்பிரிக்காவின் பழைய வெள்ளிக் காசுகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் நாணயக் கையேட்டைத் தேடுவார்கள். கையேடு தேவைதான். ஆனால் எத்தியோப்பியக் காசுகளைப் பொறுத்தவரை, கையேட்டைப் பிரிப்பதற்கு முன்னால் தராசில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. காசின் மேல் இருக்கும் ஆண்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாத நாடு அது.

நான் அடிஸ் அபாபாவில் ஆசிரியராக இருந்த காலத்தில் செய்த வேலை இது. அந்நாட்டுப் பணம் பிர். 2016-ல் ஒரு பிர் ஏறக்குறைய நம் 3 ரூபாய். ஊரின் பழைய கடைவீதியான பியாசாவில் நகைக்கடைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு கடைக்காரர் பழைய வெள்ளியை எடைக்கு வாங்கி, உருக்கிச் சிலுவையும் சங்கிலியும் செய்பவர். உருக்குவதற்கு வரும் வெள்ளியோடு காசுகளும் வரும். என்னை 'அஸ்தமாரி' என்று கூப்பிடுவார், ஆசிரியர் என்று பொருள். நான் அவரை 'காஷே' என்பேன், வயதில் மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். "மினுக்கித் தரட்டுமா, அஸ்தமாரி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். "வேண்டாம் காஷே, கறுப்பாகவே கொடுங்கள்" என்பதுதான் என் ஒரே நிபந்தனை. மினுக்கிய காசில் தேய்மானத்தைப் படிக்க முடியாது. மேல்தோல் போய்விட்டால், கையில் புழங்கித் தேய்ந்ததா, துணியால் தேய்த்துத் தேய்ந்ததா என்று சொல்ல வழியில்லை.

கருவிகள் எளியவை. 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, சென்னை ரிச்சி தெருவில் 650 ரூபாய்க்கு வாங்கியது. விட்டம் அளக்க டிஜிட்டல் காலிபர் 900 ரூபாய். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் 350 ரூபாய். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து எடுத்த காந்தம், மெல்லிய நைலான் நூல், கண்ணாடி டம்ளர், டிரேசிங் பேப்பர், 2பி பென்சில். அழுக்கு எடுக்க அசிட்டோன். அவ்வளவுதான்.

தராசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் சரியாக 100.00 காட்டிய அளவுக்கல், அடிஸ் அபாபாவில் 99.92 காட்டியது. தராசு கெட்டுப்போகவில்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, புவியீர்ப்பு அங்கே கொஞ்சம் குறைவு. மின்னணுத் தராசு எடையை அழுத்தத்தால்தான் உணர்கிறது. 28 கிராம் காசில் இந்த வித்தியாசம் 0.02 கிராம் அளவுக்குத்தான் வரும் என்றாலும், அளவுக்கல்லை வைத்துத் தராசைப் புதிதாகச் சரிசெய்த பிறகே வேலையைத் தொடங்கினேன். வேறு ஊருக்குத் தராசை எடுத்துப் போகிறவர்கள் அளவுக்கல்லையும் எடுத்துப் போங்கள்.

முதல் கட்டம் தாலர்கள். மரியா தெரேசா தாலர் என்றால் ஆஸ்திரியாவின் மகாராணி படம் போட்ட பெரிய வெள்ளிக் காசு. அவர் இறந்தது 1780-ல். அதற்குப் பிறகு அடிக்கப்பட்ட தாலர் எல்லாவற்றிலும் 1780 என்ற ஆண்டே இருக்கிறது. செங்கடலின் இரு கரைகளிலும் மக்கள் இந்தக் காசைத்தான் நம்பினார்கள், வேறு எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டார்கள். முடிப்பட்டையில் முத்துகள் தெளிவாக இருக்கிறதா, தோளில் குத்தியிருக்கும் அணி தெரிகிறதா, கீழே எஸ்.எஃப். என்ற எழுத்துகள் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் 19-ஆம் நூற்றாண்டு எத்தியோப்பியச் சந்தையில் காசை வாங்கிக்கொள்வார்கள். அந்த எஸ்.எஃப். என்பது குன்ஸ்பர்க் நாணயச்சாலையின் ஷோபல், ஃபாபி என்ற இரண்டு அதிகாரிகளின் பெயர் முதலெழுத்துகள். அவர்கள் காலம் முடிந்து எவ்வளவோ ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சில் அந்த எழுத்துகள் மாறவில்லை. மாற்றினால் காசு செல்லாது.

கையேட்டு அளவு இது: எடை 28.07 கிராம், விட்டம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர், ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. இந்த மூன்றையும் சோதிக்க வேண்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதற்குத்தான் தண்ணீர்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யம் காட்டும்படி பொத்தானை அழுத்திவிட வேண்டும். காசை நைலான் நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டும் எண்தான் காசின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 833 வெள்ளிக்கு 10.2 வர வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலிக்கு 8.9-ஐ ஒட்டி வரும், பித்தளைக்கு 8.5.

முறை சரியா என்று தெரிந்துகொள்ள, வீட்டிலிருந்து கொண்டுபோன விக்டோரியா ஒரு ரூபாயை முதலில் தொங்கவிட்டேன். அதில் வெள்ளி 917 பங்கு என்பது தெரிந்த விஷயம். எடை 11.58, தண்ணீரில் 1.12, அடர்த்தி 10.34. கணக்கு அப்படியே பொருந்தியது. இந்த ரூபாய்க்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொடர்பு உண்டு. இந்திய வணிகர்களோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்கப் புழங்கிய காசு இது. 1888-ல் மொம்பாசாவுக்காகப் பிரிட்டிஷ் கம்பெனி அடித்த ரூபாயும், 1890 முதல் ஜெர்மன் கம்பெனி இன்றைய தான்சானியா பகுதிக்கு அடித்த 'ரூபி'யும் இதே எடையில், இதே தரத்தில்தான் வந்தன. அந்த ரூபிக்குச் சில்லறை 64 'பேசா'. ஆகவே கிழக்குக் கரைக் காசுகளைச் சேர்க்கிறவர்களுக்கு நம் வீட்டுப் பழைய ரூபாயே நல்ல ஒப்பீட்டுக்கல்.

அப்புறம் தாலரைத் தொங்கவிட்டேன். கன அளவு ஒரு தடவை 2.81 காட்டியது, மறு தடவை 2.83. அடர்த்தி 9.9-க்கு இறங்கியது. நல்ல காசு, ஓசையும் சரி, காந்தச் சோதனையும் சரி, தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. லென்ஸ் வழியாக டம்ளருக்குள் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மகாராணியின் சுருள்முடிக்குள்ளும், மறுபக்கம் இரட்டைத்தலைக் கழுகின் இறகுகளுக்கு நடுவிலும் கடுகளவுக்கும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தன. குமிழியும் கன அளவில் சேர்ந்துவிடுகிறது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை முதலில் அதிலேயே நனைத்துத் தடவி எடுத்து, மறுபடி தொங்கவிட்டேன். 2.74. எடை 27.96. அடர்த்தி 10.20. அதற்குப் பிறகு எல்லாக் காசுக்கும் இதே முறைதான். காசைத் தொங்கவிட்டதும் லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, நின்ற பிறகு படிக்க வேண்டும்.

அடுத்த தாலர் 28.31 கிராம். புழங்கிய காசு இருக்க வேண்டிய எடையைவிடக் கூடுதலாக இருப்பது நல்ல சங்கதி அல்ல. அடர்த்தி 10.15, போலி என்று தள்ளவும் முடியாது. விளிம்பை லென்ஸில் சுற்றிப் பார்த்தபோது, மகாராணியின் தலைக்கு நேர்மேலே அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓரத்து எழுத்துகள் மங்கி, மஞ்சள் சாயலோடு ஒரு மேடு தெரிந்தது. காது வைத்துப் பற்றவைத்து, பிறகு அறுத்த இடம். கழுத்தில் கோத்துப் போட்டிருந்த காசு அது. நம் காசுமாலை மாதிரியேதான், ஒரே வேறுபாடு இங்கே ஒவ்வொரு காசும் உள்ளங்கையில் பாதியை அடைக்கும். நாணயச் சந்தையில் இப்படிப்பட்ட காசுக்கு விலை குறைவு. என் பார்வையில் இந்தத் தொகுப்பிலேயே அதிகம் சொல்லும் காசு இதுதான். 1945-ல் அரசு தாலரைச் செல்லாது என்று அறிவித்தபோது, கைமாற்றாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட தாலர்களில் நிறைய நகையாகத்தான் பிழைத்தன.

ஒன்று போலி. 24.18 கிராம், 2.72, அடர்த்தி 8.89. விட்டம் 39.1 மட்டுமே. உண்மையான காசை வைத்து அச்செடுத்து, உலோகத்தை ஊற்றி வார்த்தால் ஆறும்போது சுருங்கும், அதனால் போலி கொஞ்சம் சிறுத்துவிடும். காந்தமும் இதையே சொன்னது. காசைச் சாய்த்துப் பிடித்து, மேலே காந்தத்தை விட்டால், வெள்ளியின் மேல் அது தேனில் இறங்குவதுபோல மெல்ல வழுக்கி வரும். இதில் விறுட்டென்று விழுந்தது. கடைக்காரரிடம் எண்களைக் காட்டினேன். அவரும் யாரிடமோ எடைக்கு வாங்கியதுதான், பேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார்.

ஓர எழுத்துக்கு டிரேசிங் பேப்பர். நாற்பது மில்லிமீட்டர் காசின் சுற்றளவு 126 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 13 சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பேப்பரை வெட்டி, காசின் விளிம்பைச் சுற்றி இழுத்துப் பிடித்து, 2பி பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் புடைப்பு எழுத்துகள் அப்படியே ஏறிவிடும். 'யுஸ்டீஸியா எட் க்ளெமென்ஸியா', நீதியும் கருணையும் என்பது மகாராணியின் வாசகம். நல்ல காசில் ஒவ்வொரு எழுத்துக்கும் விளிம்பு கூர்மையாக இருந்தது. போலியில் எழுத்துகள் கரைந்து, வார்ப்பின் ஒட்டுக்கோடு நடுவில் ஓடியது. இந்தத் துண்டுகளை ஒரு நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி வைத்தேன். புகைப்படத்தைவிட இந்த ஒப்பீடு வேகமாக நடக்கிறது.

சரி, எந்தத் தாலர் 19-ஆம் நூற்றாண்டு? இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். வியன்னா நாணயச்சாலை 19-ஆம் நூற்றாண்டு முழுக்க இவற்றை அடித்தது. 1867-68-ல் நேப்பியர் தலைமையில் பம்பாயிலிருந்து பிரிட்டிஷ் படை தெவோத்ரோஸ் மன்னருக்கு எதிராக அபிசீனியாவுக்குள், அதாவது எத்தியோப்பியாவுக்குள், போனபோது, வழியில் தானியத்துக்கும் கழுதைக்கும் கூலிக்கும் கொடுக்க வியன்னாவிலிருந்துதான் தாலர் வரவழைக்க வேண்டியிருந்தது. பிறகு 1935-ல் முசோலினி எத்தியோப்பியாமீது படையெடுக்கும் சமயத்தில் அச்சு உரிமையை இத்தாலி வாங்கிக்கொண்டு ரோமில் அடித்தது. பதிலுக்குப் பாரிஸ், லண்டன், பிரஸ்ஸல்ஸ் எல்லாம் அடித்தன. இரண்டாம் உலகப்போரில் நம் பம்பாய் நாணயச்சாலையும் அடித்தது. எல்லாவற்றிலும் 1780. ஆகவே அடிஸ் அபாபாவில் கையில் கிடைக்கும் ஒரு தாலர் நேப்பியர் காலத்ததாகவும் இருக்கலாம், 1941-ல் பம்பாயில் அடித்ததாகவும் இருக்கலாம்.

நான் பின்பற்றிய வழி, விலக்கிக்கொண்டே போவது. கண்ணாடி போல் பளபளக்கும் பின்னணி, கத்திமுனை போன்ற விளிம்பு, 28.06 எடை என்று ஒன்று இருந்தது. அது பிற்கால வியன்னா அடிப்பு, சந்தையில் புழங்கவே இல்லை. 27.62 எடையுள்ள இன்னொன்று இரு பக்கமும் சீராகத் தேய்ந்திருந்தது, கன்னமும் கழுகின் மார்பும் வழவழப்பாகியிருந்தன. இதை 'புழங்கியது' என்று எழுதினேன், '19-ஆம் நூற்றாண்டு' என்று எழுதவில்லை. அரை கிராம் வெள்ளி தேய எவ்வளவு காலம் ஆகும் என்பது எத்தனை கை மாறியது என்பதைப் பொறுத்தது. தாலருக்கு நூற்றாண்டைச் சொல்ல உறுதியான வழி ஒன்றுதான். யார் வீட்டில் இருந்தது, எப்போதிலிருந்து இருந்தது என்பது. விற்பவர் 1780-ஐக் காட்டி 'இருநூறு வருஷப் பழசு' என்று சொல்லிக் கேட்கும் விலைக்கு இணங்க வேண்டாம்.

இரண்டாம் கட்டம் மெனெலிக்கின் காசுகள். இங்கே ஆண்டு உண்மையானது. ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் தன் பெயரிலேயே காசு வேண்டும் என்று முடிவு செய்து, பாரிஸ் நாணயச்சாலையில் அடிக்கக் கொடுத்தார். பிர் என்ற பெரிய வெள்ளிக் காசின் எடை 28.075 கிராம், வெள்ளி 835 பங்கு. தாலருக்குப் பக்கத்தில் வைத்தால் மக்கள் குறை சொல்லக்கூடாது என்றே இப்படி வைத்தது. ஒரு பக்கம் கிரீடம் அணிந்த மெனெலிக், வலப்பக்கம் பார்த்தபடி. மறுபக்கம் எத்தியோப்பிய அரச சின்னமான யூதாவின் சிங்கம், சிலுவைக் கொடியைப் பிடித்தபடி. சுற்றிலும் எத்தியோப்பியர்களின் எழுத்தான கீயஸ்.

ஆண்டும் கீயஸ் எண்ணில்தான் இருக்கும். தமிழ் எண்களைக் கற்றவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். நம் பழைய முறையில் 1889-ஐ ௲௮௱௮௰௯ என்று எழுதுவோம். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி, பூஜ்யம் கிடையாது. கீயஸிலும் பூஜ்யம் இல்லை. ஆயிரத்துக்குத் தனிக் குறி இல்லாமல், பதினெட்டு நூறு என்று எண்ணுகிறார்கள். அதோடு இருபது, முப்பது, எண்பது, தொண்ணூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறி. ஆக 1889 என்பது ஐந்து குறிகள்: பத்து, எட்டு, நூறு, எண்பது, ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு சிறு கோடு. முதல் மூன்று குறிகள் மெனெலிக்கின் இந்தக் காசுகளில் மாறுவதே இல்லை. கடைசி இரண்டை மட்டும் படித்தால் போதும். எண்பதா தொண்ணூறா, ஏழா ஒன்பதா இரண்டா, இவ்வளவுதான் கேள்வி. இதைப் புரிந்துகொண்டதும் வேலை பாதியாகக் குறைந்தது. மூன்று அங்குலத் தாளில் தேவையான குறிகளை மட்டும் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டினேன்.

அது எத்தியோப்பிய ஆண்டு என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் ஆண்டு செப்டம்பரில் பிறக்கிறது, நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கி ஓடுகிறது. அவர்களுடைய 1889 என்பது 1896 செப்டம்பரிலிருந்து 1897 செப்டம்பர் வரை. அட்வாவில் இத்தாலியப் படையை மெனெலிக் தோற்கடித்தது 1896 மார்ச் 1. அதற்கு அடுத்த எத்தியோப்பிய ஆண்டைத் தாங்கிய காசு இது. 1889 என்று பார்த்துவிட்டு, மெனெலிக் பேரரசராக முடிசூடிய 1889-ஆம் ஆண்டுக் காசு என்று விற்பவர்கள் உண்டு. அது தவறு.

எண் தேய்ந்துவிட்டால் சிங்கம் உதவும். அவர்களுடைய 1887, 1889 ஆண்டு பிர் காசுகளில் சிங்கம் இடது முன்காலைத் தூக்கியிருக்கும். 1892-லும் அதற்குப் பிறகும் வலது முன்கால். கால் பெரிய உருவம், எண்ணைவிட வெகு காலம் தேயாமல் நிற்கும். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தலை போட்ட 1892 ஐந்து ஷில்லிங் காசைச் சேர்க்கிறவர்கள் வண்டியின் ஏர்க்காலை எண்ணுவார்கள். பெர்லினில் செய்த அச்சில் இரண்டு ஏர்க்கால், அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்களின் வண்டிக்கோ ஒன்றுதான், அதனால் பிறகு திருத்தினார்கள். அங்கே ஏர்க்கால், இங்கே சிங்கத்தின் கால். முதலில் பெரிய உருவத்தைப் பார்க்கும் பழக்கம் எந்த நாட்டுக் காசுக்கும் உதவுகிறது.

தெளிவான இரண்டு பிர் காசுகள் உடனே முடிந்தன. ஒன்று 1889, இடது கால், 27.94 கிராம், அடர்த்தி 10.20. இன்னொன்று 1892, வலது கால், 27.88, 10.21.

மூன்றாவதுதான் பென்சில் வரியாகக் கிடந்தது. 27.35 கிராம் வரை தேய்ந்த காசு. அடர்த்தி சரி, வெள்ளி சரி. சிங்கம் இடது காலைத் தூக்கியிருக்கிறது, ஆகவே 1892 இல்லை. மிச்சம் 1887-ஆ 1889-ஆ. 1887 மிகக் குறைவாக அடிக்கப்பட்டது, விலை பல மடங்கு. கடைக்காரர் அது 1887 என்றே நம்பினார், 2,000 பிர் சொன்னார். "நீங்களே கொண்டுபோய்ப் பாருங்கள் அஸ்தமாரி, பார்த்துவிட்டுக் கொடுங்கள்" என்று காசைக் கையில் தந்துவிட்டார்.

லென்ஸில் நேராகப் பார்த்தால் கடைசிக் குறி இருந்த இடத்தில் ஒரு மங்கலான வீக்கம்தான் தெரிந்தது. பென்சில் தேய்ப்பு உதவவில்லை, புடைப்பு அவ்வளவு தாழ்ந்திருந்தது. அசிட்டோனில் ஊறவைத்ததில் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போயின, குறி தெளியவில்லை. உதவியது வெளிச்சம். கறுப்புத் துணியில் காசை வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை மேசையின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் அடித்தேன். செல்பேசியைப் புத்தகங்களின் மேல் அசையாமல் படுக்க வைத்து, கேமரா கண்ணின் மேல் நகைக்கடை லென்ஸை ஒட்டினேன். விளக்கைக் கடிகார முள்போல் ஒவ்வொரு மணிக்கும் நகர்த்தி ஒவ்வொரு படம். சில கோணங்களில் ஒன்றுமே இல்லை. விளக்கு நாலு மணி இடத்துக்கு வந்தபோது கடைசிக் குறியில் ஒரு வளைவின் நிழல் விழுந்தது, பத்து மணியில் அதன் மறுபக்கம் விழுந்தது.

அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பார்க்க ஆசைப்படுவதைக் கண் பார்த்துவிடும். அதனால் தெளிவான 1889 பிர் காசை அதே துணியில், அதே தூரத்தில், அதே விளக்கின் அதே கோணங்களில் வைத்து மறுபடி எடுத்தேன். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் தேய்ந்த காசின் படத்தை அடியிலும், தெளிவான காசின் படத்தைப் பாதி ஒளிஊடுருவும்படி மேலேயும் வைத்து, மெனெலிக்கின் மூக்கும் கிரீடத்தின் சிலுவையும் பொருந்தும்வரை நகர்த்தினேன். எண்பதின் குறி பொருந்தியது, அது எதிர்பார்த்ததுதான். கடைசிக் குறியின் இரண்டு நிழல்களும் ஒன்பதின் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தன. ஏல நிறுவனம் ஒன்று வெளியிட்டிருந்த 1887 காசின் படத்தையும் இதேபோல் வைத்துப் பார்த்தேன். ஏழின் கோடு நிழலை விட்டு விலகி ஓடியது. ஆகவே 1889. படங்களைக் கடைக்காரரிடம் திரையில் காட்டினேன். ஒன்றின்மேல் ஒன்றை அவரே விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு 700 பிர் என்றார், கொடுத்தேன். அவருக்கு அதில் நஷ்டமில்லை, எடைக்கு வாங்கியதைவிடக் கூடுதல்தான்.

கெர்ஷ் என்ற குட்டிக் காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எடையில் பிர்ரின் இருபதில் ஒரு பங்கு, 1.4 கிராம். இதன் கன அளவு 0.14 அளவுக்குத்தான் வரும். 0.01 காட்டும் தராசில் அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே அடர்த்தி 9.4-க்கும் 10.8-க்கும் இடையே அலையும், ஒன்றுக்கும் உதவாது. என்னிடம் இருந்த ஐந்து கெர்ஷையும் ஒரே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மொத்தம் 6.72 கிராம், 0.66, அடர்த்தி 10.18. ஐந்தும் சேர்ந்து நல்ல வெள்ளி என்று தெரிகிறது, நடுவில் ஒரு கறுப்பாடு இருந்தால் இந்தக் கணக்கில் ஒளிந்துகொள்ளலாம்.

கடைசியாக, எரித்ரியாவின் தல்லேரோ. இத்தாலி தன் செங்கடல் குடியேற்றத்துக்காக உம்பெர்த்தோ மன்னர் தலையோடு 1891-லும் 1896-லும் அடித்தது. என்னுடையது 1896. எடை 28.125 என்று தாலரைவிடக் கொஞ்சம் கூட்டியே வைத்தார்கள், வெள்ளியை மட்டும் 800 பங்காகக் குறைத்துவிட்டார்கள். மக்கள் ஏமாறவில்லை, பழைய தாலரையே கேட்டார்கள். என் காசு 27.98 கிராம், கன அளவு 2.76, அடர்த்தி 10.14. கணக்குப்படி 800 வெள்ளிக்கு வர வேண்டியதும் 10.14-தான். பார்க்கச் சந்தோஷமாக இருந்தாலும் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 28 கிராம் காசில் தராசின் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலே அடர்த்தி 0.04 நகரும். வெள்ளியா போலியா என்பதை இந்த முறை பிரித்துச் சொல்லும். 800-ஆ 835-ஆ என்பதைச் சொல்ல இந்தத் தராசு போதாது.

செலவுக் கணக்கு: தாலர் ஒன்று 450 பிர் வீதம் நான்கு, தெளிவான பிர் ஒன்று 900 வீதம் இரண்டு, தேய்ந்தது 700, தல்லேரோ 1,200, கெர்ஷ் 60 வீதம் ஐந்து. மொத்தம் 5,800 பிர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 17,400 ரூபாய். கருவிகளுக்கு 2,000 ரூபாய்க்குள்.

காசுகள் என்னோடு வரவில்லை. பழம்பொருளை எத்தியோப்பியாவை விட்டு எடுத்துப்போக அரசின் பண்பாட்டுத் துறை அனுமதி வேண்டும், அப்படி எடுத்துவரும் எண்ணமும் எனக்கு இருக்கவில்லை. அங்கே வரலாறு கற்பிக்கும் நண்பரிடம் பதிவேட்டின் நகலோடு கொடுத்துவிட்டேன், மாணவர்கள் கையில் வைத்துப் பார்க்கிறார்கள். பதிவேடும் ஓரத்துப் பென்சில் துண்டுகளும் படங்களும் மட்டும் என்னிடம். அந்தப் படங்களை வைத்துத்தான் அண்மையில் 1889 ஒப்பீட்டை இன்னொரு முறை செய்து பார்த்துப் பேனாவால் எழுதினேன்.

மறுபடி செய்தால் மூன்று விஷயங்களை மாற்றுவேன். 0.001 காட்டும் தராசு வாங்குவேன், கெர்ஷ் காசுகளைத் தனித்தனியாகச் சோதிக்க அது இல்லாமல் முடியாது. படம் எடுப்பதை முதல் நாளிலிருந்தே ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே கோணவரிசை என்று வைத்துக்கொள்வேன், அப்போது எந்தக் காசையும் எதன்மேலும் பொருத்திப் பார்க்கலாம். கடையில் விலை கேட்பதற்கு முன்னால், இந்தக் காசு எந்த ஊரிலிருந்து, யார் வழியாக, காசாக வந்ததா நகையாக வந்ததா என்று கேட்டு எழுதுவேன். பற்றவைத்த தாலர் கோண்டர் பக்கத்திலிருந்து வந்த ஒரு கழுத்தணியிலிருந்து அறுத்தது என்று, வாங்கி நெடுநாள் கழித்துப் பேச்சுவாக்கில்தான் காஷே சொன்னார். அதே அணியில் இருந்த மற்றக் காசுகள் அதற்குள் உருகிப்போயிருந்தன.